முட்டைக்கோழிக்கு எந்தத் தீவனம்? ஓட்டிலிருந்து தொடங்கும் கணக்கு

தோல்முட்டையைக் கண்டதும் பலரும் கோழிக்கு ஏதோ நோய் என்றுதான் பயப்படுகிறார்கள். ஓடே இல்லாமல், வெறும் சவ்வுக்குள் தளதளவென்று கிடக்கும் முட்டையைக் கையில் எடுத்தால் யாருக்கும் மனம் பதறும். நோயாலும் தோல்முட்டை வரும், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக் கொல்லையில் ஐந்தாறு கோழி வளர்ப்பவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் கிடைப்பது ஒரே மாதிரியான பதில்: "நல்ல மூட்டைத் தீவனம்தான் வைக்கிறோம். அது போக, தானியமும் தாராளமாகப் போடுகிறோம்." சிக்கல் அந்தத் தாராளத்தில் இருக்கிறது. தீவனம் தேர்ந்தெடுப்பது என்றால் கடையில் எந்த மூட்டையை வாங்குவது என்பதோடு முடிவதில்லை. ஒரு நாளில் கோழியின் வயிற்றுக்குள் மொத்தமாக என்ன போகிறது என்பதுதான் அதன் உண்மையான தீவனம்.

இதை விளங்கிக்கொள்ள, ஒரு முட்டை எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. மஞ்சள் கரு சூலகத்திலிருந்து விடுபட்டதிலிருந்து முட்டை வெளியே விழும்வரை 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடுகிறது. அந்த வேலையின் பெரும்பகுதி நடப்பது இரவில், கோழி பரணில் உட்கார்ந்து தூங்கும்போது. ஒரு முட்டை ஓட்டின் எடை 5 முதல் 6 கிராம். கிட்டத்தட்ட முழுவதும் கால்சியம் கார்பனேட். சுத்தமான கால்சியமாகக் கணக்கிட்டால் 2 கிராமுக்குக் கொஞ்சம் மேல். கேட்பதற்குச் சிறிய அளவாகத் தோன்றும். ஆனால் கோழியின் ரத்தத்தில் ஒரு நேரத்தில் ஓடும் மொத்தக் கால்சியத்தைப் போல அது பல பத்து மடங்கு. அதாவது ஓர் இரவுக்குள் ரத்தத்தில் உள்ள கால்சியம் திரும்பத் திரும்பக் காலியாகி, திரும்பத் திரும்ப நிரம்பியாக வேண்டும்.

எங்கிருந்து நிரம்பும்? முதலில் குடலில் மிச்சமிருக்கும் தீனியிலிருந்து. அது தீர்ந்ததும் எலும்பிலிருந்து. பெட்டைக்கோழி முதல் முட்டை இடுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே, அதன் கால் எலும்புகளின் உட்குழிவில் சேமிப்புக்கென்றே ஒரு தனி எலும்புத் திசு வளரத் தொடங்குகிறது. இரவில் எடுத்துக்கொள்ளவும் பகலில் திருப்பிப் போட்டுவைக்கவும் உள்ள களஞ்சியம் அது. பகலில் திருப்பிப் போட எதுவும் இல்லாமல் போனால் கோழி உடனே முட்டையை நிறுத்திவிடாது. உடலைத் தாங்கும் எலும்பையே கரைத்து ஓடு கட்டும். அப்படியே விட்டால் ஓடு மெலியும், பிறகு தோல்முட்டை வரும், கடைசியில் கால் தாங்காமல் கோழி உட்கார்ந்துவிடும். எலும்பு முறிந்த கோழிகளையும் பார்க்கலாம். ஓடு கெட்டியாக இருக்கிறது என்பதாலேயே கோழி நலமாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அது எலும்பிலிருந்து வாங்கிய கடனாக இருக்கலாம்.

தின்னும் கால்சியத்தில் பாதியளவுதான் உடலில் சேர்கிறது. ஆகவே 2 கிராம் ஓட்டுக்குப் போக வேண்டுமானால் தினம் 4 கிராமுக்குக் குறையாமல் உள்ளே போக வேண்டும். முட்டைக்கோழி ஒரு நாளைக்குத் தின்பது இனத்தையும் உடல் பருமனையும் பொறுத்து 100 முதல் 120 கிராம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் லேயர் தீவன (முட்டைக்கோழித் தீவன) மூட்டையில் கால்சியம் 3.5 முதல் 4.5 சதவீதம் என்று ஏன் அச்சிட்டிருக்கிறார்கள் என்பது தானாகவே விளங்கும்.

சரி, அப்படிப்பட்ட மூட்டையையே வாங்கிவிட்டோம், பிறகும் ஓடு ஏன் மெலிகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16.5 சதவீதம் புரதமும் 3.8 சதவீதம் கால்சியமும் உள்ள தீவனத்தை ஒரு கோழி 120 கிராம் தின்றால், அதற்குக் கிடைப்பது சுமார் 20 கிராம் புரதமும் நாலரை கிராம் கால்சியமும். அதே கோழிக்கு 40 கிராம் மக்காச்சோளம் தூவுகிறோம் என்று வையுங்கள். ஒரு கைப்பிடிதான். மக்காச்சோளத்தில் புரதம் எட்டு, எட்டரை சதவீதம். கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். கோழியோ வயிறு நிரம்பியபின் தின்னாது. எரிசக்தித் தேவை தீர்ந்ததும் தட்டை விட்டு விலகிவிடும். எனவே தீவனத்தில் 80 கிராம்தான் உள்ளே போகும். இப்போது புரதம் 20 கிராமிலிருந்து பதினாறரைக்கு இறங்கிவிட்டது. கால்சியம் நாலரையிலிருந்து 3 கிராமுக்கு இறங்கிவிட்டது. மூட்டை அதேதான், விலையும் அதேதான், ஆனால் கோழி தின்பது வேறொரு தீவனம். அதுவும் எப்படிப்பட்ட முட்டைக்கும் போதாத தீவனம்.

தானியம் கூடாது என்பதல்ல. கொறிப்புத் தானியம், கீரை, காய்கறித் தோல், சமையலறை மிச்சம் எல்லாம் சேர்ந்து நாள் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் மூட்டையின் கணக்கு கெடாது. ஒரு கோழிக்கு 10, 12 கிராம், அவ்வளவுதான். பாதிக் கைப்பிடிகூட இல்லை. அதையும் காலையில் போடாமல், தீவனம் தின்று முடித்த பிற்பகலில் போடுங்கள். கோழிகள் மண்ணைக் கிளறிப் பொறுக்கி மகிழ அது போதும்.

ஒரே தானியத்தை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோழிகளே சாட்சி சொன்ன ஒரு வரலாறு உண்டு. ஜாவா தீவில், அன்று பட்டேவியா என்று அழைக்கப்பட்ட ஜகார்த்தா நகரில், டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், நரம்பைத் தாக்கிக் காலைத் தளரவைக்கும் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்குத் திடீரென்று கால் தள்ளாடியது. நிற்க முடியாமல் விழுந்தன. சில மாதம் கழித்துத் தாமாகவே தேறின. விசாரித்தபோது, இடைப்பட்ட காலத்தில் அவற்றுக்கு மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு போடப்பட்டது தெரிந்தது. புதிதாக வந்த சமையல்காரர் அந்தச் சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்ததும், தீட்டாத அரிசிக்கு மாறி, அவை பிழைத்துக்கொண்டன. தவிட்டோடு போனது பி1 வைட்டமின் என்பது பின்னாளில் தெளிவானது. எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. வைட்டமின்கள் பற்றிய அறிவின் ஒரு வேர், மிச்சச் சோறு தின்ற கோழிகளின் கால்களில் இருக்கிறது. தட்டில் மிஞ்சியதையே கோழிக்கு முழுத்தீனியாக வைப்பவர்களுக்கு இந்தக் கதையை நான் விடாமல் சொல்வேன்.

வயதைப் பார்த்துத்தான் மூட்டை

கடைக்குப் போகுமுன் தீர்மானிக்க வேண்டியது கோழியின் வயது. குஞ்சு பொரித்ததிலிருந்து ஏறக்குறைய 8 வாரம்வரை ஸ்டார்ட்டர். புரதம் 18 முதல் 20 சதவீதம், கால்சியம் 1 சதவீத அளவில். அதன்பின் முட்டைப் பருவம் நெருங்கும்வரை குரோயர். புரதம் 15, 16 சதவீதமாகக் குறையும், கால்சியம் அதே தாழ்ந்த அளவில் நிற்கும். முட்டை தொடங்கும்போது லேயர். புரதம் 16 முதல் 18 சதவீதம், கால்சியம் மூன்று நான்கு மடங்காக ஏறும்.

இங்கே பலர் செய்யும் தவறு, எல்லா வயதுக்கும் ஒரே லேயர் மூட்டையை வைத்துவிடுவது. வளரும் குஞ்சுக்கு ஓடு கட்டும் வேலை இல்லை. உள்ளே வரும் மிகையான கால்சியத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். வாரக்கணக்கில் அப்படித் தின்ற குஞ்சுகளின் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகள் மேல் வெள்ளைப் பொடியாகப் படியும். சில குஞ்சுகள் அப்போதே சாகும். சில பிழைத்து, பின்னால் முட்டையிடும் வயதில் திடீரென்று சாகும். அதற்குள் காரணத்தை நாம் மறந்திருப்போம்.

மாற்றும் நாளை நாட்காட்டி சொல்லாது. வணிக முட்டை இனங்கள் 18 வாரத்திலேயே தயாராகிவிடும். நாட்டு இனங்கள் ஐந்தாறு மாதமும் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். கொண்டையும் தாடியும் சிவந்து தடித்திருக்கிறதா, முதுகில் கை வைத்தால் கோழி பதுங்கி உட்காருகிறதா என்று பாருங்கள். அதுதான் அறிகுறி. அப்போது மாற்றிவிடலாம்.

சேவலும் பெட்டையும் வளரும் விடைக்கோழியும் ஒரே கொட்டகையில் இருந்தால்? பெரும்பாலான வீடுகளில் நிலைமை இதுதான். சேவலுக்கும் லேயர் தீவனத்தின் கால்சியம் மிகைதான். என் முடிவு இது: அப்படிப்பட்ட கூட்டத்துக்குக் கால்சியம் குறைந்த, 16 சதவீதத்துக்குக் குறையாத புரதம் உள்ள குரோயர் வகைத் தீவனத்தைப் பொதுவாக வைத்துவிட்டு, உடைத்த கிளிஞ்சலை வேறொரு கிண்ணத்தில் எப்போதும் வைத்திருங்கள். முட்டையிடும் கோழிக்குக் கால்சியப் பசி என்று தனியே ஒன்று உண்டு. பிற்பகலுக்குப் பிறகு, ஓடு கட்டும் நேரம் நெருங்க நெருங்க, அது தானாகவே கிளிஞ்சலைத் தேடிப் போகும். சேவலுக்கு அந்தப் பசி இல்லை. ஒவ்வொரு பறவையும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள நாம் வழிவிட்டால் போதும்.

கிளிஞ்சல் 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுத் துண்டுகளாக இருப்பது முக்கியம். சுண்ணாம்புக்கல் மாவு குடலைச் சீக்கிரம் கடந்துவிடும். துண்டுகள் அரைவைப்பையில் தங்கி, இரவு முழுவதும் மெல்லக் கரைந்து, ஓட்டுக்குத் தேவைப்படும் அதே நேரத்தில் கால்சியத்தை விடும். முட்டையோட்டையும் பயன்படுத்தலாம். சூட்டில் நன்றாகக் காயவைத்து, ஓடு என்றே அடையாளம் தெரியாதபடி நொறுக்கிப் போடுங்கள். அரை ஓடாகப் போட்டால் முட்டையைக் கொத்தித் தின்னும் பழக்கம் தொற்றிக்கொள்ள வாய்ப்புண்டு. அரைவைக்கு உதவும் சிறுகல் என்பது இதிலிருந்து வேறு. அது கரையாத கடினக் கல். கோழிக்குப் பல் கிடையாது என்பதால் முழுத்தானியத்தையும் நார் நிறைந்த இலையையும் அரைக்க அது தேவை. மண்ணில் மேயும் கோழி தானே பொறுக்கிக்கொள்ளும். அடைத்து வளர்த்தால் நாம் தர வேண்டும். கிளிஞ்சலைச் சிறுகல்லுக்குப் பதிலாகவோ, சிறுகல்லைக் கிளிஞ்சலுக்குப் பதிலாகவோ வைக்க முடியாது.

பிராய்லர் தீவனத்தில் புரதம் அதிகமாயிற்றே, அதை வைத்தால் முட்டை கூடாதா என்று கேட்கிறார்கள். கூடாது, இரண்டு பொருளிலும். ஆறேழு வாரத்தில் சதை போடுவதற்கென்றே கலந்த தீவனம் அது. எரிசக்தி அதிகம், கால்சியம் நான்கில் ஒரு பங்கு. முட்டைக்கோழி அதைத் தின்றால் வயிற்றில் கொழுப்புக் கட்டும். ஈரல் கொழுத்து, அதில் ரத்தம் கசிந்து, நன்றாக இருந்த கோழி ஒரே நாளில் விழுந்து சாகலாம். வெறும் தானியத்தைக் கட்டுப்பாடின்றித் தின்னும் கோழிக்கும் இதே கதிதான். மேலும், பிராய்லர் தீவனத்திலும் குஞ்சுத் தீவனத்திலும் ரத்தக்கழிச்சலைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கலாம். அவற்றில் சில, முட்டை தின்பவருக்குப் போய்ச் சேரக் கூடாதவை. குஞ்சுத் தீவனம் மிஞ்சிவிட்டதே என்று முட்டைக்கோழிக்குக் கொட்டுமுன் மூட்டையின் சீட்டைப் படியுங்கள்.

புரதம் என்ற எண்ணுக்குப் பின்னால்

சீட்டில் 'புரதம் 17 சதவீதம்' என்றிருந்தால் அது பாதிச் செய்திதான். கோழிக்கு வேண்டியது புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்கள், அதுவும் குறிப்பிட்ட விகிதத்தில். பத்துப் பூவுக்கு ஒரு மருக்கொழுந்து என்று கட்டும் மாலையில் மருக்கொழுந்து தீர்ந்துவிட்டால், கூடை நிறையப் பூ இருந்தும் மாலை நீளாது. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் சேர்ந்த தீவனத்தில் முதலில் தீர்ந்துபோகும் மருக்கொழுந்து மெத்தியோனின் என்ற அமினோ அமிலம். தானியத்தை மட்டும் நம்பினால் லைசினும் பற்றாது. ஒரு முட்டைக்குள் ஆறு கிராமுக்கு மேல் புரதம் போகிறது. தட்டுப்பாடு வந்தால் முட்டை சிறுக்கும், பிறகு எண்ணிக்கை குறையும், கோழிகள் ஒன்றையொன்று கொத்தி இறகைத் தின்னத் தொடங்கும். இறகில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு புரதம், அதிலும் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் நிறைய. உப்பு குறைந்தாலும் இதே கொத்தல் வரும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை இறகு உதிர்த்து முளைக்கும் காலத்தில் கோழிக்கு முட்டையைவிட இறகுதான் முதல் செலவு. அந்தச் சில வாரங்கள் முட்டை நின்றுபோவதைக் குறையாக நினைத்துத் தீவனத்தைக் குறைப்பவர்கள் உண்டு. அது கொடுமை. அப்போதுதான் புரதத்தை 18, 20 சதவீதத்துக்கு ஏற்றிக் கொடுக்க வேண்டும். மீன் தூளும் உலர்ந்த புழுவும் அதற்கு உதவும். மீன் தூளை அளவோடு வைக்காவிட்டால் முட்டையில் வாடை ஏறும்.

வீட்டிலேயே தீவனம் கலக்க விரும்புகிறவர்களுக்கு நான் தடை சொல்வதில்லை, எச்சரிக்கை மட்டும் உண்டு. 100 கிலோவுக்கு ஒரு பொதுவான வரைவு: மக்காச்சோளம் 55 கிலோவுக்கு மேல், சோயாப் புண்ணாக்கு 24, தவிடு 8, கிளிஞ்சல் அல்லது சுண்ணாம்புக்கல் 9, டைகால்சியம் பாஸ்பேட் ஒன்றரை, உப்பு 300 கிராம். மீதி மெத்தியோனினும் வைட்டமின், நுண்தாதுக் கலவையும். இதில் எடை மிகக் குறைந்த கடைசி வரிதான் வீட்டில் ஈடுகட்ட முடியாதது. அதை வாங்கித்தான் சேர்க்க வேண்டும். டைகால்சியம் பாஸ்பேட்டையும் செலவு மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள். தானியத்திலும் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரசில் மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற பிணைப்பில் பூட்டிக்கிடக்கிறது. கோழியின் குடலால் அதைத் திறக்க முடியாது. அந்தக் குறையை நிரப்பும் பாஸ்பரஸ் டைகால்சியம் பாஸ்பேட்டிலிருந்துதான் வர வேண்டும். பச்சைச் சோயாவை அரைத்துப் போடுவதும் ஆகாது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் ஒரு பொருள் அதில் இருக்கிறது, வறுத்தால்தான் அடங்கும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மஞ்சள் கருவைப் பச்சை கலந்த பழுப்பாக்கிவிடும்.

மாவா, கிரம்பிள்ஸா (குருணையாக நொறுக்கியது), பெல்லட்டா (சிறு குச்சிகளாக அழுத்தியது) என்பது இரண்டாம் கேள்வி. மாவுத் தீவனத்தில் கோழி பெரிய துண்டுகளைப் பொறுக்கிவிட்டு அடியில் தூளை விட்டுவைக்கும். வைட்டமினும் தாதுவும் அந்தத் தூளில்தான். தட்டு காலியான பிறகே அடுத்த வேளையைக் கொட்டினால் அதையும் தின்றுவிடும். பெல்லட்டில் பொறுக்கல் இல்லை, சிந்தல் குறைவு. நனைத்துக் கொடுத்தால் ஆசையாய்த் தின்னும், ஆனால் மிச்சத்தை அன்றே எடுத்துவிட வேண்டும்.

மூட்டையில் இன்னொன்றையும் பார்த்து வாங்குங்கள்: தயாரித்த தேதி. வைட்டமின்கள் நாளாக நாளாகச் சாகும், கொழுப்பு காறும். ஐந்து கோழிக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான் செலவாகும். மலிவு என்று பெரிய மூட்டை வாங்கினால் மாதக்கணக்கில் கிடக்கும். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் தீரும் அளவே வாங்குங்கள். ஈரம் பட்ட தீவனத்தை வெயிலில் காயவைத்துப் போடலாம் என்ற எண்ணம் ஆபத்தானது. 1960இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிகள் இனம் தெரியாத நோயில் மடிந்தன. தேடிப் போனபோது, அவை தின்ற கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சை உண்டாக்கிய நஞ்சு பிடிபட்டது. அந்த நஞ்சுக்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். பூஞ்சை காய்ந்து உதிர்ந்தாலும் நஞ்சு போகாது, வேகவைத்தாலும் போகாது. ஈரலைத்தான் முதலில் தாக்கும். முட்டையிலும் சேரும். கட்டிபிடித்த, மக்கிய வாடை அடிக்கும் தீவனத்தை மனசைக் கல்லாக்கிக்கொண்டு குழியில் போட்டு மூடுங்கள். பூஞ்சணம் பிடித்த ரொட்டி, வேகாத பயறு, பச்சை ஏறிய உருளைக்கிழங்கு, அவகாடோவின் தோலும் கொட்டையும் இலையும், உப்புக் கரிக்கும் மிச்சங்கள் ஆகியவையும் கோழித் தட்டுக்குப் போகக் கூடாதவை.

தண்ணீரைத் தீவனத்தின் பகுதியாகவே நான் எண்ணுகிறேன். தின்பதைப் போல இரண்டு மடங்கு கோழி குடிக்கும், கோடையில் இன்னும் அதிகம். தண்ணீர் சூடாகிவிட்டால் குடிப்பது குறையும், உடனே தின்பதும் குறையும். வெயிலில் ஓடு மெலிவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கோழிக்கு வியர்வை இல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்போது உடலிலிருந்து கரியமில வாயு மிகையாக வெளியேறிவிடுகிறது. ஓட்டின் கார்பனேட்டுக்கு மூலப்பொருளே அதுதான். கிளிஞ்சலை எவ்வளவு கொட்டினாலும் இதை முழுதாக ஈடுகட்ட முடியாது. நிழலும் குளிர்ந்த நீரும் தாருங்கள், தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் வையுங்கள்.

முட்டை குறைந்த ஒவ்வொரு முறையும் மூட்டையை மாற்றவும் வேண்டாம். பகல் வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் கீழே போனால் கோழி தானே முட்டையைக் குறைக்கும். வயது ஏற ஏறவும் குறையும். மஞ்சள் கருவின் நிறத்தைப் பார்த்துத் தீவனத்தை எடைபோடுவதும் சரியல்ல. மக்காச்சோளத்திலும் கீரையிலும் செண்டுமல்லியிலும் உள்ள நிறமிகள் தரும் சாயம் அது. வெளிறிய கருவிலும் சத்து நிறைவாக இருக்கலாம்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரம், பத்து நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். பிறகு பொறுமையாகக் கவனியுங்கள். கால்சியம் சரியானால் ஓட்டில் சில நாட்களிலேயே தெரியும். கருவின் நிறம் மாறப் பத்து நாளாவது ஆகும், ஏனென்றால் இன்று நீங்கள் உடைக்கும் முட்டையின் மஞ்சள் கரு கடந்த பத்து நாள் தீனியில் அடுக்கடுக்காகத் திரண்டது. உடல் தேறுகிறதா என்று அறிய, இருட்டியபின் பரணில் இருக்கும் கோழியின் மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி முனைபோல் துருத்தினால் தீனி போதவில்லை. எலும்பே கைக்கு அகப்படாமல் சதைக்குள் புதைந்திருந்தால் கொறிப்புத் தானியத்தைப் பாதியாக்குங்கள்.